வைட்டமின் டி மாத்திரையும் அம்மாவின் மறதியும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாக வாசியுங்கள்.

போன ஒரு மாதத்தில் என்னிடம் படித்த பிள்ளைகள் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவன் துபாயில் இருக்கிறான், ஒருத்தி பெங்களூரில், இன்னொருத்தி நம்ம சுரண்டையிலேயே. "டீச்சர், அம்மாவுக்கு ஞாபக மறதி வந்துட்டு. வைட்டமின் டி குறைஞ்சா மறதி வருமாமே, மாத்திரை வாங்கிக் கொடுக்கட்டுமா?" மூவருக்கும் வந்த வாட்ஸ்அப் செய்தியும் ஒன்றுதான். எனக்கே அது நான்கு குழுக்களில் வந்துவிட்டது.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டுத் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுத்தவள். ஆனால் இந்த மாத்திரையால் எங்கள் குடும்பத்தில் ஒரு பாடு பட்டோம். அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். டாக்டராக இருக்கும் என் மாணவி ஒருத்திக்கு ராத்திரி பத்து மணிக்கெல்லாம் போன் போட்டு உயிரை வாங்கினேன். (அவள் இரண்டாம் வகுப்பில் என் உயிரை வாங்கியவள்தான், கணக்கு சரியாகிவிட்டது.)

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைட்டமின் டி குறைவாக இருந்தால் எலும்புக்காகவும் தசைக்காகவும் டாக்டர் சொன்ன அளவில் கொடுங்கள். மறதியைத் தடுக்கும், மாற்றும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள். அந்த நம்பிக்கைக்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை. அளவு மீறினால் மாத்திரையே ஆளைக் குழப்பிவிடும். இனி விவரம்.

வைட்டமின் டி என்று பெயர் இருந்தாலும் அது மற்ற வைட்டமின்களைப் போலச் சாப்பாட்டிலிருந்து பெரிதாக வருவதில்லை. மத்தி, அயிலை மாதிரி கொழுப்புள்ள மீனிலும் முட்டை மஞ்சள் கருவிலும் கொஞ்சம் உண்டு. மற்றபடி வெயில் தோலில் படும்போது உடம்பே தயாரித்துக்கொள்கிறது. அது கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம், சிறுநீரகத்துக்குப் போய் இன்னொரு மாற்றம் அடைந்துதான் வேலைக்கு வருகிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவதற்கு அது வேண்டும்.

"வெயிலுக்கா நமக்குப் பஞ்சம்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கிராமத்து ஆண்களில் 44 சதவீதம் பேருக்கும், கிராமத்துப் பெண்களில் 70 சதவீதம் பேருக்கும் வைட்டமின் டி குறைவு. நகரத்துப் பெண்களில் 75 சதவீதம். திருப்பதியில் அடிக்கிற வெயில் உங்களுக்கே தெரியும்.

நம்ம ஊரை நினைத்துப் பாருங்கள். வீரகேரளம்புதூர், சுரண்டை, ஆலங்குளம், கடையம் பக்கமெல்லாம் எத்தனை வீட்டில் அம்மாமார் காலையிலிருந்து திண்ணை நிழலில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றியே காலத்தைக் கழித்தவர்கள்! சேலை உடம்பை மூடியிருக்கும், தலைக்கு மேல் ஓடு. கறுத்த தோலுக்கு அதே அளவு வைட்டமின் தயாரிக்க வெயில் அதிக நேரம் வேண்டும். வயதான தோலின் உற்பத்தி இளமையில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடும். அதிலும் நாம் "இளவெயில் நல்லது" என்று தாத்தா ஆச்சிகளைக் காலை ஏழு மணிக்கு வாசலில் உட்கார வைக்கிறோம். அது உடம்புக்கு இதம்தான். ஆனால் வைட்டமின் டி தயாரிக்கும் கதிர், சூரியன் சாய்ந்திருக்கும்போது தரைக்கு மிகக் குறைவாகவே வந்து சேரும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயிலில்தான் அந்தக் கதிர் போதுமான அளவு இருக்கும். நம்ம ஊரில் அது ஏறக்குறைய ஒன்பதரை மணியிலிருந்து மூன்று மணி வரை. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது கிடையாது. உச்சி வெயிலில் முதியவர்களைக் கொண்டு நிறுத்தச் சொல்லவில்லை. பத்து மணி வாக்கில் கை, கால், முதுகில் சிறிது நேரம் படும்படி உட்கார்ந்தால் போதும்.

ஆக, குறைவு இருப்பது உண்மை. வாட்ஸ்அப் செய்தியில் அதுவரைக்கும் சரி. அடுத்த வரியில்தான் கோளாறு.

மறதிக்கும் இதற்கும் முடிச்சு எப்படி விழுந்தது? மூளையில் ஞாபகத்துக்கு முக்கியமான பகுதியிலும் வைட்டமின் டி வந்து உட்காரும் இடங்கள் இருக்கின்றன. அதனால் ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம் வந்தது நியாயம்தான். 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவில் மறதி நோய் இல்லாத முதியவர்கள் 1,658 பேரின் ரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்த்து, சராசரியாக ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமாக இருந்தது. உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்த செய்தி அது. இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது அதன் பேரப்பிள்ளைதான்.

இங்கேதான் பிள்ளைகளே, கொஞ்சம் யோசிக்க வேண்டும். குற்றாலத்தில் சாரல் பிடித்து அருவியில் தண்ணீர் கொட்டும் நாட்களில் மிளகாய் பஜ்ஜி வியாபாரம் அமோகமாக நடக்கும். பஜ்ஜி விற்காத நாட்களில் அருவியிலும் தண்ணீர் இருக்காது. அதற்காக ஏப்ரல் மாதம் எண்ணெய்ச் சட்டியை வைத்துப் பஜ்ஜி போட்டால் ஐந்தருவியில் தண்ணீர் வருமா? இரண்டும் சேர்ந்து வருவது வேறு, ஒன்றால் மற்றது வருவது வேறு.

வயதானவர் ஒருவருக்கு மறதி மெல்ல ஆரம்பிக்கிறது. வழி தெரியாமல் போய்விடுமோ என்று கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்துகிறார். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதில்லை. வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வெயில் இல்லை, வைட்டமின் டி குறைகிறது. மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளையில் தொடங்கிவிடும் என்பதால் எது முந்தியது என்று இந்த மாதிரி ஆய்வில் பிரித்துச் சொல்ல முடியாது. சர்க்கரை, உடல் பருமன், நடமாட்டக் குறைவு இவையும் இரண்டு பக்கமும் இழுக்கும்.

பிரித்துப் பார்க்க ஒரே நேர்மையான வழி, குலுக்கல் போட்டு ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு உண்மை மாத்திரையும் மற்றதற்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுப்பது. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றின் தலைமையில் 'வைட்டல்' என்ற பெயரில் அப்படி ஒரு பெரிய சோதனை நடந்தது. மொத்தம் 25,871 பேர். தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி. அதில் 60 வயதைத் தாண்டிய 3,424 பேருக்கு இரண்டு மூன்று ஆண்டு காலம் தொலைபேசியிலேயே ஞாபகத் தேர்வு வைத்தார்கள். சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பது, இப்படி. இன்னும் 794 பேரை நேரில் வரவழைத்துத் தேர்வு வைத்தார்கள். முடிவு 2021இல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. இருவருக்கும் மறதி ஒரே வேகத்தில்தான் போனது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது. நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்த மாதிரி. அமெரிக்கக் கறுப்பின முதியவர்களிடம் மட்டும் சிறிய பலன் தெரிகிற மாதிரி இருந்தது, ஆனால் அவர்கள் எண்ணிக்கை குறைவு. உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடம் என்பதும் மூளைக்குச் சின்னக் காலம். ஆகவே, மிகவும் குறைவாக உள்ள ஒருவருக்கு எந்தப் பலனும் இருக்கவே இருக்காது என்று நான் சாதிக்கவில்லை. குறைவு இருந்தால் எப்படியும் சரிசெய்யத்தான் போகிறோம். மூளைக்கும் கொஞ்சம் நன்மை கிடைத்தால் லாபம். "ஞாபக சக்திக்கு" என்று அட்டையில் அச்சடித்து விற்பதைத்தான் நம்பாதீர்கள் என்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டு விஷயம். மதினி என்னை வையமாட்டாள், அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் காலமான பிறகு மதினி தனியாகத்தான் இருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வயது 74. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறப்பது, சாவியைத் தேடுவது, சொன்னதையே சொல்வது என்று ஆரம்பித்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் பதறிப்போய் ஒரு குப்பி வைட்டமின் டி அனுப்பினான். ஒரு குளிகையில் 5,000 யூனிட். அவன் அன்பில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவ்வளவு தூரத்தில் இருக்கிறவன் வேறு என்னதான் செய்வான்? அதே சமயத்தில் முழங்கால் வலிக்கென்று போன இடத்தில் டாக்டர் ஒருவர் 60,000 யூனிட் பாக்கெட் எழுதிக் கொடுத்திருந்தார். வாரம் ஒன்று, எட்டு வாரத்துக்கு. அது வழக்கமான அளவுதான், தப்பில்லை. ஆனால் சீட்டு தொலைந்துவிட்டது. மருந்துக்கடையில் பழைய பாக்கெட்டைக் காட்டினால் சீட்டு கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பாலில் கலந்து குடிப்பது என்பது மட்டும் மதினிக்கு நினைவிருந்தது. வாரம் ஒருமுறை என்பது நினைவில்லை. தினமும் ராத்திரி பாலில் ஒன்று.

மறதிக்காகக் கொடுக்கும் மருந்தை மறதிக்காரர் கையிலேயே கொடுத்தால் எப்படி நடக்கும் என்று நம்மில் யாரும் யோசிப்பதில்லை.

இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டாள். தாகம், தாகம் என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். அடிக்கடி சிறுநீர். மலச்சிக்கல். சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். பிறகு ஒரு நாள் என்னைப் பார்த்து, இறந்துபோன எங்கள் அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நேரம் தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. தெருவில் எல்லாரும் "மறதி முத்திட்டு, இனி அவ்வளவுதான்" என்றார்கள். மகன் வீடியோவில் அம்மாவைப் பார்த்துவிட்டு அழுதான். குளிகையை இரண்டாக ஆக்கட்டுமா என்று கேட்டான்.

மருத்துவமனையில் பணியில் இருந்த சின்ன வயது டாக்டர் பெண் ஒருத்திதான், "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க, எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றாள். வீட்டில் போய்த் தேடினால், அரிசி டின்னுக்குப் பின்னால் வெறும் பாக்கெட்டுகளை மடித்து மடித்துச் சொருகி வைத்திருக்கிறாள். எண்ணினேன். ஐம்பதைத் தாண்டிவிட்டது. முப்பது லட்சம் யூனிட்டுக்கு மேல். ரத்தத்தில் கால்சியம் 13க்கு மேல் இருந்தது. பத்தரைக்குள் இருக்க வேண்டியது. சிறுநீரகமும் சோர்ந்திருந்தது.

இதில் மர்மம் எதுவும் இல்லை. வைட்டமின் டி கூடினால் குடல் கால்சியத்தை அளவுக்கு மீறி உறிஞ்சும், எலும்பிலிருந்தும் கால்சியம் ரத்தத்துக்கு இறங்கும். ரத்தத்தில் கால்சியம் கூடினால் சிறுநீர் அதிகம் போகும், உடம்பு வறளும், குடல் மந்தமாகும், மூளை குழம்பும். சி வைட்டமின் அதிகமானால் சிறுநீரில் போய்விடும். இது கொழுப்பில் கரைவதால் உடம்பில் தங்கிவிடும். நிறுத்தினாலும் வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் ஆகும் இறங்க. பிரஷருக்குக் கொடுக்கும் நீர் மாத்திரைகளில் ஒரு வகை கால்சியத்தை உடம்பில் பிடித்து வைக்கும். அதையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கூத்து இல்லை இது. காஷ்மீரில் ஸ்ரீநகர் மருத்துவமனையில் இப்படி வந்த பத்துப் பேரைப் பற்றி 2011இல் அங்குள்ள டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு, அவற்றோடு புத்தித் தடுமாற்றமும். குளிர் பிரதேசம், வைட்டமின் டி குறைவு அங்கே நிஜமாகவே அதிகம். குறைவு அதிகம் உள்ள இடத்தில்தான் கூடுதலாகக் கொடுத்துக் கெடுப்பதும் நடக்கிறது.

நஞ்சாகும் அளவுக்குப் போகாவிட்டாலும், மொத்தமாகக் கொடுப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களில் பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒரே தடவை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு குறையும் என்றுதான் கொடுத்தார்கள். கீழே விழுந்ததும் கூடியது, எலும்பு முறிந்ததும் கூடியது. 2010இல் வந்த முடிவு. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்தில் 200 முதியவர்களிடம் நடத்திய சோதனையில், மாதம் 60,000 யூனிட் வாங்கியவர்களில் 67 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் விழுந்தார்கள்; மாதம் 24,000 வாங்கியவர்களில் 48 சதவீதம். வயதானவர் விழுந்து தலையில் அடிபட்டால் ஞாபகத்துக்கும் அது கேடு. 2024இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், 50 வயதுக்கு மேல் கொடுப்பதாக இருந்தால் தினமும் சிறு அளவே நல்லது என்கிறார்கள். 75ஐத் தாண்டியவர்களுக்கு அப்படிக் கொடுப்பதை ஆதரிக்கவும் செய்கிறார்கள், ஆனால் ஆயுளை முன்னிட்டு. சிறு அளவு என்றால் எவ்வளவு? முதியவருக்கு ஒரு நாள் தேவையே 800 யூனிட் வாக்கில்தான். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் 4,000ஐத் தாண்டக்கூடாது.

மதினிக்குச் சலைன் ஏற்றி, மருந்து கொடுத்து, கால்சியம் மெல்ல இறங்கியது. மூன்றாவது வாரம் என் பெயரைச் சரியாகச் சொன்னாள். மகனை அடையாளம் கண்டாள். பழைய மறதி போய்விட்டதா என்றால், இல்லை. பால் இன்னும் பொங்கி வழிகிறது. ஆனால் அப்போதுதான் அவளை முறையாகச் சோதித்தார்கள். பி12 வைட்டமின் மிகக் குறைவாக இருந்தது. காதும் பாதிதான் கேட்கிறது. நாம் கேட்டதற்கு வேறு ஏதோ பதில் சொன்னாளே, அதில் பாதி மறதி இல்லை, காதில் விழாததுதான். பி12 ஊசி போட்டபின் கொஞ்சம் தெளிவு. காது மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதைப் பத்திரமாகப் பெட்டியிலேயே வைத்திருக்கிறாள்!

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வந்த தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழின் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களை வரிசைப்படுத்தியது. பள்ளிப்படிப்புக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைவு, பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, தனிமை, மனச்சோர்வு, நடமாட்டமின்மை, தலையில் அடி, உடல் பருமன், காற்று மாசு. அந்தப் பதினான்கில் வைட்டமின் டி இல்லை. முதல் காரணம் பள்ளிப்படிப்பு என்பதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திப் பீடித் தட்டின் முன்னால் உட்கார வைத்த என் வகுப்புப் பெண்பிள்ளைகளின் முகம் எல்லாம் வந்துபோனது. அவர்களில் சிலருக்கு இப்போது ஐம்பது வயதாகிறது.

ஆகவே அம்மாவுக்கு மறதி என்று தோன்றினால் குப்பியை அனுப்புமுன் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லுங்கள். பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள். நீர் மாத்திரையால் சோடியம் குறைந்தாலும் ஆள் தடுமாறும். தூக்க மாத்திரை, அரிப்புக்கும் சளிக்கும் போடும் சில மாத்திரைகள்கூட முதியவர்களைக் குழப்பும். கண்புரை, காது இரண்டையும் பாருங்கள். இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. சரிசெய்யாமல் விட்டால் காலம் போய்விடும்.

நோய்தானா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது? பள்ளிக்கூடமே போகாத ஆச்சியிடம் 100லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லி, தெரியவில்லை என்றால் மறதி என்று எழுதிவிடக் கூடாது. சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் ஆய்வு நடத்திய '10/66' குழு, படிக்காதவர்களுக்கும் பொருந்துகிற மாதிரித் தேர்வு வைப்பதற்கே தனியாக உழைத்தது. நாம் பார்க்க வேண்டியது, இத்தனை வருடம் தூக்கத்திலும் செய்த வேலையில் தடுமாற்றம் வருகிறதா என்பதை. பீடி இலையை அளவு பார்க்காமலே வெட்டியவருக்கு இன்று அளவு புரியவில்லை, குழம்புக்குப் புளி கரைக்க மறந்துவிட்டது, சொந்தத் தெருவில் வீடு தெரியவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். அதுவும் சில நாட்களிலேயே திடீரென்று குழம்பினால் அது வயதின் மறதி அல்ல, உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது. அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. இன்று இரவு பேசும்போது, வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை, குப்பி, பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு பாயில் பரப்பிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வைட்டமின் டி என்ன பெயரில் எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். கால்சியம் மாத்திரைக்குள்ளும் இருக்கும். 60,000 பாக்கெட் இருந்தால் எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு, பக்கத்து வீட்டில் ஒருவர் கையில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வரும்போது அந்தப் பாயில் இருப்பதையெல்லாம் அவரிடமும் காட்டச் சொல்லுங்கள். நம்ம ஊரில் அம்மாவோ அப்பாவோ தனியாக இருந்து, பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள். மதினியின் பாக்கெட் இப்போது என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. டாக்டர் சொன்னபடி மாதம் ஒன்று, முதல் ஞாயிறு. இன்னும் நாலைந்து வீட்டுப் பாக்கெட்டுக்கு அங்கே இடம் இருக்கிறது.